சாகாத சீட்டுகள்

மல்லிகை விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. மாரித்தாயின் சீட்டு திரையில் பாதி வந்து, அப்படியே வெளிறிப்போய்க் கிடந்தது. சண்முகையா மவுஸை இழுத்துப் பார்த்தார். மேஜையில் தட்டிப் பார்த்தார். கடைசியில் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லியும் பார்த்தார். எதற்கும் அது மசியவில்லை.

சங்கரன்கோவில் பூமார்க்கெட்டில் வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்தாக வேண்டும். அதற்குமேல் சாக்குக்குள் கிடக்கும் பூ தன் சூட்டிலேயே வெந்துவிடும். மறுநாள் ஆவணி முகூர்த்தம். குருவிகுளம் பக்கமிருந்தும் திருவேங்கடம் பக்கமிருந்தும் முதல் பஸ்ஸில் பூ கொண்டுவந்தவர்கள் தராசைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எடை போட்டாயிற்று, சீட்டு வரவில்லை. சீட்டைக் கையில் வாங்காமல் ஒருத்தரும் நகர மாட்டார்கள். சண்முகையா யாரையும் நம்பாதவர். அவர் கமிஷன் கடைக்குப் பூப்போடுகிறவர்கள் அந்தக் குணத்தை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாரித்தாய் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் மல்லி போட்டிருப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, அதற்கு முன்னால் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையத்தான் விரட்டியாச்சே அண்ணாச்சி. இன்னைக்கு யாரு படம் பாத்தாவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சண்முகையாவுக்குக் காதுமடல் சுட்டது. மவுஸை இன்னொரு தடவை இழுத்தார்.

அந்த நாற்காலி ஹஸ்னா பானுவுடையது. கடையில் சீட்டு அடிக்கிற பெண். எடை ஆள் சத்தம் கொடுக்கக் கொடுக்க, தலையை நிமிர்த்தாமலே தட்டிவிடுவாள். ஒரு சீட்டு வெளியே வந்து விழுவதற்குள் அடுத்தது திறந்திருக்கும். பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருநெல்வேலி முத்துமணியிடம் புதிது வாங்கிய நாளிலிருந்துதான் சனியன் பிடித்தது. புதுசு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் விலைப்பலகை, அதற்குக் கீழே ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனிக் கட்டம். அந்தக் கட்டத்தை முத்துமணி ஜன்னல் என்பான். ஜன்னல் திறக்கும், எடையைப் போட்டால் சீட்டு அடிக்கும், மூடிக்கொள்ளும். சில நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் எழுத்தைத் தட்டினால் ஒரு மூச்சு கழித்துத்தான் திரையில் வரும். அப்புறம் இரண்டு மூச்சு. அப்புறம் நின்றே போகும். பானு மொத்தமாக நிறுத்திப் போட்டால் திரும்பச் சில நாள்.

முத்துமணியைக் கேட்டதற்கு மெமரி போதாது என்றான். கூடுதல் மெமரி வாங்கிப் போட்டார். கொஞ்ச நாள் தாங்கியது, மறுபடியும் பழைய கதை. இரண்டாம் தடவை கேட்டதற்கு, உங்க கடைப் பிள்ளை அதில் படம் கிடம் பார்க்கிறதோ என்னவோ என்றான். பெற்ற மகன் சொன்னாலும் இன்னொருத்தனிடம் கேட்டுப் பார்க்கிற சண்முகையா, இதை மட்டும் கேட்ட மாத்திரத்தில் நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. புரோகிராம் மோசம் என்றால் அதை வாங்கினவன் ஏமாளி. பிள்ளை மோசம் என்றால் அவர்மேல் குற்றமில்லை.

முந்தாநாள், மார்க்கெட் நிறைந்து நின்ற நேரத்தில், விலை கூறுகிற தொண்டையிலேயே அதைச் சொன்னார். வேலை நேரத்தில் படம் பார்த்து மிஷினைக் கெடுத்தவள் என்றார். பானு எழுந்தாள். மேஜை இழுப்பறைச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"படம் பாக்கதுக்கு எங்க வீட்ல டிவி இருக்கு அண்ணாச்சி," என்றாள். போய்விட்டாள்.

நேற்றும் இன்றும் அவள் இல்லை. யாரும் படம் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் தட்டியவர் அவர்தான். ஆனாலும் மிஷின் நின்றுவிட்டது.

முத்துமணிக்குப் போன் போட்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொருகினால் சரியாகிவிடும் என்று அவன் கொட்டாவியோடு சொன்னான். சண்முகையா மாட்டேன் என்றார். கொலை நடந்த இடத்தில் போலீஸ் வருமுன் பிணத்தை எவனாவது குளிப்பாட்டுவானா என்று கேட்டார். மிஷின் இப்படியே கிடக்கட்டும், ஆளை அனுப்பு, என் கண் முன்னால் பார்க்கட்டும் என்றார். துண்டுக் காகிதத்தில் கையால் சீட்டு எழுதித் தள்ளினார். எழுத்துக் கோணல் என்று மாரித்தாய் அதற்கும் ஒன்று சொன்னாள். நாலைந்து பேர் காத்திருக்கப் பொறுக்காமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

மார்க்கெட் காலியாகித் தரையில் வாடின இதழ் மட்டும் கிடந்த நேரத்தில் வேல்ராஜ் வந்து சேர்ந்தான். முத்துமணியிடம் சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன், சொந்த ஊர் குருவிகுளம். தோளில் லேப்டாப் பை. கையில் சின்ன அட்டைப் பெட்டி, அதற்குள் இன்னொரு மெமரி. பெட்டியைக் கண்டதும் சண்முகையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத உள்ள வையி. மொதல்ல நோய் என்னன்னு சொல்லு. வந்த உடனே ஊசியத் தூக்குதான்."

வேல்ராஜ் பெட்டியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் தோளுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்முகையாவும் உட்கார்ந்தார். அவன் எதை அமுக்கினாலும் என்ன, ஏன் என்று கேட்டார். செத்துக் கிடந்த மிஷினிலிருந்து எப்படியோ ஒரு பட்டியலை அவன் வெளியே இழுத்தான். எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டுகிற பட்டியல். முத்துமணியின் புரோகிராம் ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கி உட்கார்ந்திருந்தது. படமும் இல்லை, பாட்டும் இல்லை. மிஷின் எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்டும் இன்னொரு இடத்தைப் பார்த்துவிட்டு வேல்ராஜ் புருவத்தைச் சுருக்கினான்.

"அண்ணாச்சி, இத நீங்க தெனமும் அணைக்கியளா?"

"தெனமும் நாந்தான் அணைக்கேன். அந்தப் பிள்ள மத்தியானமே போயிரும். கடையச் சாத்தும்போது நான் அணைப்பேன், விடியக்காலம் நானே போடுவேன். அதுல ஒரு நாளும் தவறினது கிடையாது."

எப்படி என்று அவன் கேட்டான். இதிலென்ன எப்படி என்று சண்முகையா குனிந்து, திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினார். திரை இருண்டது. நிமிர்ந்து பார்த்தார். வேல்ராஜ் அவரைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி உர்ர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

சண்முகையா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். இந்தக் கடையில் ராத்திரி முழுக்க இது இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார். திரை எரிவதைக் காலையில் பார்க்கிற பானு, அண்ணாச்சி ஏற்கெனவே போட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து முத்துமணி கூப்பிட்டான். வேல்ராஜ் நடந்ததைச் சொன்னதும் போனை அண்ணாச்சியிடம் கொடுக்கச் சொன்னான். குரலில் சிரிப்பு வழிந்தது. "பாத்தீரா அண்ணாச்சி. நான் சொன்னேம்லா, நம்ம புரோகிராம்ல ஒண்ணும் இல்ல. தெனமும் ஒழுங்கா அணைச்சா ஓடும். இது உங்க ஆளுக செஞ்ச தப்பு."

சண்முகையா எழுந்து நின்றார். முத்துமணி திருநெல்வேலியில் இருந்தாலும், நின்றுகொண்டுதான் பேச வந்தது.

"வே முத்துமணி. அணைக்காதது என் தப்பு, இருக்கட்டும். உம்ம ஆபீசுல காலைல போட்டு சாயங்காலம் அணைச்சிருப்பீரு, அதான் உமக்கு ஒண்ணும் தெரியல்ல. ஓட்டச் சட்டியில ஊத்தின தண்ணியும் கொஞ்ச நேரம் நிக்கத்தான் செய்யும். அத வச்சு நல்ல சட்டின்னு விப்பீரா? ஓட்டை எங்கன இருக்குன்னு உம்ம பையன் இன்னைக்குக் காட்டாம இந்தக் கடைய விட்டு எறங்க மாட்டான்."

போனை வைத்துவிட்டு, ஷட்டர் பக்கம் போய் அதைப் பாதி இறக்கினார். வேல்ராஜ் பயப்படவில்லை. ஓட்டையைத் தேடவேண்டிய அவசியமும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. லேப்டாப்பில் அதே புரோகிராமை ஓடவிட்டான். மெமரியைக் காட்டும் எண்ணை ஓரமாக வைத்தான். ஒரு சீட்டைத் திறந்தான், எண் ஏறியது. சீட்டை மூடினான், ஜன்னல் மறைந்தது. எண் இறங்கவில்லை. திரும்பத் திறந்தான், ஏறியது. மூடினான், அங்கேயே நின்றது. பத்திருபது தடவை இதையே செய்தான். திரையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. எண் மட்டும் ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது.

"மறைஞ்சதுதான். சாகல்ல," என்றான்.

கடை மிஷினுக்குள் சாகாமல் இருக்கிற ஜன்னல்கள் எவை என்று இன்னொரு பட்டியலை எடுத்துக் காட்டினான். சண்முகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எல்லாம் பூக்காரர்களின் பெயர்கள். இன்று வந்தவர்கள், நேற்று வந்தவர்கள், போன வாரம் வந்தவர்கள். மாரித்தாய், மாரித்தாய், மாரித்தாய். இறக்க இறக்கப் பட்டியல் முடிகிற வழியாக இல்லை. போன வெள்ளிக்கிழமை பூவைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனவளெல்லாம் இந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்குல உள்ள நிக்காங்க?"

அவன் சொன்னதை அவருக்குப் புரியும்படி சொன்னால் இதுதான். அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு, மேல்விலை என்று பெயர். விடியும்போது வந்தவன் குறைந்த விலைக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பான். வாங்குகிற கூட்டம் சேர்ந்து விலை ஏறினால், முதலில் வந்தவனுக்கும் அன்றைக்கு அந்த ஏறின விலைதான். அவன் போய்விட்டான் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. சண்முகையா புரோகிராம் வாங்கும்போதே இதைச் சொல்லித்தான் வாங்கினார். அதற்காக ஒவ்வொரு சீட்டு ஜன்னலையும் விலைப்பலகையோடு கட்டி வைத்திருந்தார்கள். பலகையில் விலை மாறினால் ஜன்னலுக்குத் தகவல் போகும், அது தன் சீட்டைத் திருத்திக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் அன்றைய வியாபாரம் முடிந்ததும் அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. கட்டியிருக்கிற வரைக்கும் மிஷின் அந்த ஜன்னலைக் குப்பை என்று தள்ளாது. விலையை ஒரு தடவை மாற்றினால், போன வாரத்துச் சீட்டெல்லாம் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போடும். முகூர்த்தம் நெருங்கினால் விலை எத்தனை தடவை மாறும். அதில்தான் மூச்சு முட்டி நின்றது.

"இத எழுதினது யாரு?"

வேல்ராஜ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நாந்தான்," என்றான். "அவிழ்க்கணும்னு அப்பவே சொன்னேன். அதுக்கு நேரம் இல்ல, மெமரி போட்டா ஓடிரும்னு முத்துமணி அண்ணன் சொல்லிட்டாரு."

சண்முகையா நிமிர்ந்தார். அட்டைப் பெட்டியை எடுத்து அவன் மடியில் எறிந்தார். "தெரிஞ்சேல எனக்கு மெமரி வித்தீங்க. தெரிஞ்சே ஒரு பொம்பளப் பிள்ள தலையில பழியத் தூக்கி வச்சீங்க. நீயெல்லாம் படிச்சு என்னத்துக்கு ஆச்சு?"

"மெமரி வித்தது எங்க தப்பு அண்ணாச்சி," என்றான் வேல்ராஜ். அவனுக்கும் முகம் சிவந்திருந்தது. "படம் பாத்தாளோ என்னவோன்னு அவரு போன்ல சொன்னாரு. பாத்தான்னு ஊரக் கூட்டி வச்சுச் சொன்னது யாரு?"

பாதி இறங்கின ஷட்டருக்குக் கீழே ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சண்முகையா திரும்ப உட்கார்ந்தார். அவர் வயதுக்கு அவரை இப்படிக் கேட்டவன் கிடையாது. அடிக்கலாம் போல இருந்தது. யாரை என்பதுதான் தெரியவில்லை.

"செரி பண்ணு," என்றார்.

மத்தியானம் முழுக்க வேல்ராஜ் தட்டிக்கொண்டே இருந்தான். கட்டை வெறுமனே அறுத்துவிட்டால் மேல்விலையும் சேர்ந்து அறுந்துபோகும் என்று அவனே சொன்னான். விலையைத் திருத்துகிற வேலையை ஜன்னலிடமிருந்து பிடுங்கிச் சீட்டுக் கணக்கிடமே கொடுத்தான். ஜன்னலுக்குக் காட்டுகிற வேலை மட்டும். மூடினால் விலைப்பலகையிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போக வேண்டும். பிறகு திறந்து மூடிக் காட்டினான். எண் ஏறியது, கொஞ்சம் நின்றது, இறங்கியது. சண்முகையா நம்பவில்லை. தானே ஒற்றை விரலால் திறந்து மூடிப் பார்த்தார். விலையை ஏற்றி, மூடின சீட்டுக்கு மேல்விலை போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சேர்ந்திருந்தது. அப்போதும், நாளை முகூர்த்தக் கூட்டத்தில் ஓடினால்தான் ஓடினது, நீ ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டு விடிய இங்கே வந்து நில் என்றார்.

சாயங்காலம் ஹஸ்னா பானுவின் வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொன்னாள் அவள் உம்மா மிஸ்ரியா. அவர் வாசலிலேயே நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். கோளாறு புரோகிராமில்தான் என்று கண்டுபிடித்தாயிற்று, நாளையிலிருந்து வந்துவிடு என்று, எடை சொல்வது போலச் சொன்னார்.

பானு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மார்க்கெட்டே கேக்குத மாதிரிச் சொன்னீங்க. கேட்டவங்க வாசுதேவநல்லூரு, திருவேங்கடம்னு ஊரு ஊராப் போயாச்சு. நேத்து பஸ்ஸுல ஒருத்தி எங்க உம்மாட்ட கேக்கா, உம் மக வேலையில படம் பாத்தாளாமேன்னு. இப்ப எங்க வாசல்ல வந்து மெதுவாச் சொல்லுதீங்க. இது யாருக்குக் கேக்கும் அண்ணாச்சி? முன்னால வந்துட்டுப் போனவனுக்கும் ஏறின வெல போய்ச் சேரணும்னு கடையில சட்டம் வச்சிருக்கீங்கள்லா. எனக்குன்னு வந்தா மட்டும் சேர வேண்டாமா?"

சண்முகையா வந்த வழியே திரும்பினார். கோபத்தில் கால் தடுக்கிச் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு, திரும்பி வந்து மாட்டிக்கொண்டார். முத்துமணிமேல் கோபம், வேல்ராஜ்மேல் கோபம், எதிர்த்துப் பேசின அந்தப் பிள்ளைமேல் கோபம். எந்தக் கோபமும் நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி அவர்மேலேயே வந்து விழுந்தது. தெரு முனையில் நின்று வேல்ராஜுக்குப் போன் போட்டார்.

"ஏலே, சீட்டுக்கு அடியில ஒரு வரி சேக்க முடியுமால? எல்லாச் சீட்டுலயும். ஒருத்தன் விடாம வந்து போற வரைக்கும்."

முடியும் என்றான். என்ன வரி என்று கேட்டான். அதை அவளே வந்து அடிக்கட்டும், அவளுக்கும் நீயே போன் பண்ணிச் சொல் என்று வைத்துவிட்டார்.

விடியக்காலம் பானு வந்தாள். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேல்ராஜ் புதுப் புரோகிராமை ஏற்றி, வரி அடிக்கிற இடத்தைக் காட்டினான். சண்முகையா பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கம்ப்யூட்டர் நின்றதற்கு ஹஸ்னா பானு காரணம் இல்லை, கோளாறு புரோகிராமில், தெரியாமல் பழி சொன்னது சண்முகையா. அதோடு நிறுத்தாமல், விற்ற முத்துமணி திருட்டுப்பயல் என்றும் சேர்க்கச் சொன்னார்.

"சீட்டுல கெட்ட வார்த்தை வராது அண்ணாச்சி."

"அவன் பேரே கெட்ட வார்த்தைதான். சேத்து அடி."

அவள் சேர்க்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே தராசுப் பக்கம் போனார்.

கூட்டம் நேற்றைவிட அதிகம். விலை நிற்காமல் ஏறியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் சண்முகையா திரையைத் திரும்பிப் பார்த்தார். ஓரத்தில் வேல்ராஜ் விட்டுவைத்திருந்த எண் ஏறியது, இறங்கியது. எழுத்துத் தட்டினால் தட்டின கையோடு வந்தது. எதிர்க்கடைக்குப் போனவர்களில் இரண்டு பேர் ஒன்றும் நடக்காதது போல வரிசையில் நின்றார்கள்.

மாரித்தாயின் முறை வந்தது. சீட்டை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நன்றாகத் தெரியும். பஸ் போர்டை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பவள் அவள்தான். அடியில் இருந்த வரியை ஒரு தடவை பார்த்தாள். பானுவைப் பார்த்தாள். சீட்டைச் சண்முகையாவிடம் நீட்டினாள்.

"கண்ணு மங்கலா இருக்கு அண்ணாச்சி. அடியில என்னமோ போட்டிருக்கே, வாசிச்சுச் சொல்லும்."

அவர் அவளை முறைத்தார். அவள் நீட்டின கையை மடக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளுவதை நிறுத்தியிருந்தார்கள். சண்முகையா சீட்டை வாங்கி, வாய்க்குள்ளேயே வாசித்தார்.

"கேக்கல்ல," என்றாள் மாரித்தாய். "வெல சொல்லுத தொண்டையில சொல்லும்."

சண்முகையா தராசுப் பலகைமேல் ஏறினார். பிச்சிப்பூ விலை கூறுவதற்கு ஏறுகிற மாதிரிதான் ஏறினார். மார்க்கெட்டின் அந்தக் கோடிவரை கேட்கிற தொண்டை அது. வரியை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார், தன் பெயரையும் விழுங்காமல் சொன்னார். அடிக்காமல் விட்ட முத்துமணி சமாச்சாரத்தையும் கடைசியில் சேர்த்துச் சொன்னார். எதிர்க்கடைக்காரன் தராசைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். யாரோ இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் சொன்னார்.

பானு தலையை நிமிர்த்தவில்லை. மாரித்தாயின் ஜன்னலை மூடினாள்.

"அடுத்த எடையச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள்.